புன்னை என்னும் தங்கை
(செடிகொடிகளைத் துணையாகக் கொண்ட தமிழ் மரபு பற்றிய சில சிந்தனைகள்)

மரத்தை வெட்டக் கற்றதையும் பயிரை விளைக்கக் கற்றதையும் மனித வரலாற்றின் பெருநிகழ்ச்சிகளாக நூலோர் போற்றுவர். மரத்தினிடம் பேசக் கற்றதை அவ்வரிசையில் வைப்பார் இலர். அச்சத்தில் பிறந்த நம்பிக்கை என்று அதனை ஒதுக்கிவிடுவதே பெரும்பான்மை வழக்கு. ஆயினும், ஒரு செடியை மருந்தாகவோ உணவாகவோ கொள்ளுமுன் அதனைத் தமக்குத் துணையாகக் கருதி, ஒரு சொல் சொல்லிப் பெற்றுக்கொள்ளும் முறை உலகின் பழங்குடிகள் பலரிடம் இருந்திருக்கிறது. தமிழராகிய நம்மிடம் இம்முறை எவ்வாறு விளங்கிற்று, பிறந்த மண்ணை விட்டுக் கடல்கடந்து குடியேறிய நம்மோடு அதுவும் வந்ததா, வரவில்லையாயின் இனி வருமா என்பவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலைநாட்டில் ஒரு புதுவழி

பழைமை என்று நாம் நினைக்கும் இப்பொருள், மேலைநாடுகளில் இன்று புதுமையாக மீண்டும் தோன்றியிருக்கிறது. இங்கிலாந்தில் 1735இல் இயற்றப்பட்ட சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து, 1954இல், ஜெரால்டு கார்டனர் என்பார் 'இன்றைய சூனியக் கலை' எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். அந்நூலைத் தொடர்ந்து, இயற்கையை வழிபடுவதும் பருவங்களைக் கொண்டாடுவதுமான ஒரு புதுச் சமயம் அந்நாட்டில் கிளைத்து, அமெரிக்கா முதலிய நாடுகளுக்கும் பரவிற்று. 1985இல் ஸ்காட் கன்னிங்காம் என்னும் அமெரிக்கர் மந்திர மூலிகைகளுக்கெனவே ஒரு கலைக்களஞ்சியம் தொகுத்தார். இந்நெறியினருள் பலர் செடிகளைக் கருவி என்னாது 'துணை' என்பர். தமக்குரிய ஒரு செடியைத் தேர்ந்து, அதனை வளர்த்து, அருகில் அமைதியாக அமர்ந்து, அதன் இயல்பறிந்து, இலை கொய்யும்போது நன்றி கூறி ஏதேனும் ஒரு காணிக்கை வைப்பது அவர்தம் வழக்கம்.

இக்கார்டனருடைய வாழ்க்கையில் நமக்கு அக்கறையூட்டும் ஒரு செய்தி உண்டு. 1884இல் பிறந்த அவர், 1900இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் பணி கற்றார். பின்னர்ப் போர்னியோவிலும் மலாயாவிலும் இரப்பர்த் தோட்டங்களில் வேலை பார்த்து, சுங்கத்துறை அலுவலராகி, 1936இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். இலங்கைத் தேயிலை மலைகளிலும் மலாயாத் தோட்டங்களிலும் அக்காலத்தில் உழைத்தவருள் மிகப் பலர் நம் தமிழ் மக்களே. லயங்களின் ஓரத்தில் ஒரு வேம்பை நட்டு, அதனடியில் ஒரு கல்லை நிறுத்தி, அதற்கு மஞ்சள் பூசி, மாரி என்று அழைத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். தம் புதுநெறிக்குக் கார்டனர் மூலமாகக் காட்டியது இங்கிலாந்தின் பழவழக்குகளையே. எனினும், செடியைத் துணையாகக் கொள்ளும் வாழ்க்கை அவருடைய இளமையில் அவரைச் சூழ்ந்தே நிகழ்ந்துகொண்டிருந்தது. மேலைநாட்டார் தேடிச் சேர்க்கும் ஒன்றை நம்மவர் தேடாமலே பெற்றிருந்தனர் என்பது இதனால் விளங்கும். தேடாமற் பெற்ற பொருளைத் தெரியாமலே இழப்பதும் உலகியல்பு.

காவல் மரம்

சங்க காலத்தில் ஒவ்வொரு வேந்தனும் குறுநிலத் தலைவனும் தனக்கெனக் காவல் மரம் ஒன்றைப் பேணி வந்தான். கடிமரம் என்றும் அதனை வழங்குவர். அம்மரம் நிற்கும்வரை அவன் வலிமை நிற்கும் என்பது அக்கால நம்பிக்கை. ஆதலின் பகைவர் முதலில் வெட்ட முனைந்தது அம்மரத்தையே. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், கடல்நடுவே ஒரு தீவில் இருந்த பகைவர்மேற் சென்று அவர்தம் கடம்பினை அடியோடு வெட்டி, அம்மரத்தால் முரசு செய்துகொண்டான் என்று பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்து பேசுகிறது. சேரன் செங்குட்டுவன், மோகூர்ப் பழையனின் காவல் மரமாகிய வேம்பினை வெட்டினான் என்பது ஐந்தாம் பத்தால் அறியப்படும் செய்தி. தீவில் வாழும் நமக்கு இவற்றுள் முதற்செய்தி சற்றே உறுத்துகிறது. தமிழ் வேந்தன் ஒருவனின் கடற்படை தீவொன்றிற்குச் சென்று முதலில் செய்த செயல், அத்தீவினர் துணையாகக் கொண்ட மரத்தை வீழ்த்தியதே என்று நம் இலக்கியம் பெருமிதத்தோடு கூறுகின்றது.

காவல் மரத்தின்பால் கொண்ட பற்று எல்லைகடந்தபோது கொடுமையாகவும் முடிந்தது. நன்னன் என்பவனின் காவல் மாமரத்திலிருந்து காய் ஒன்று ஆற்றில் விழுந்து மிதந்து வந்தது. நீராடச் சென்ற இளம்பெண் ஒருத்தி அதனை எடுத்து உண்டாள். அக்குற்றத்திற்கு எண்பத்தொரு களிறுகளையும் அவள் எடைக்கு எடை பொன்னாற் செய்த பாவையையும் ஈடாகத் தருவதாகக் கூறியும் நன்னன் ஏற்கவில்லை; அவளைக் கொன்றான். குறுந்தொகையில் பரணர் பாடிய இச்செய்தி, பெண்கொலை புரிந்தவன் என்னும் பழியை அவனுக்கு என்றென்றைக்கும் நிலைநிறுத்திவிட்டது. பின்னர்க் கோசர் அம்மாமரத்தை வெட்டினர் என்பதும் பரணர் வாயிலாகவே தெரிகிறது. மரத்தைப் போற்றிய அதே சான்றோர், மரத்தின்பொருட்டு மனித உயிரைப் பறித்தவனைப் போற்றவில்லை. இவ்வரம்பினை நாம் மறத்தலாகாது.

உடன்பிறந்த புன்னை

காவல் மரம் அரசர்க்குரியது. குடிமக்களின் வீட்டு முற்றத்தில் நின்ற உறவு வேறு. அதுவே நம் கருத்துக்கு உயிரானது. நற்றிணையின் 172ஆம் பாட்டில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. சிறுமியர் சிலர் புன்னை விதையை மணலுள் புதைத்து விளையாடினர். விளையாட்டு முடிந்ததும் அதனை மறந்து போயினர். விதை முளைத்தது. முளையைக் கண்டு மகிழ்ந்து, நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்தனர். அன்னையோ அப்புன்னையைக் காட்டி, உங்களினும் சிறந்தது இது, உங்களுக்குத் தங்கை முறையாவது என்று கூறினாள். ஆண்டுகள் கழிந்தன. தலைவன் அம்மரநிழலில் தலைவியைக் காண வந்தபோது, தங்கையின் முன்னிலையில் உம்மோடு நகையாடுதற்கு நாணுகிறோம் என்று தோழி கூறுகிறாள்.

இப்பாட்டில் அச்சம் இல்லை; வரம் வேண்டுதலும் இல்லை. மரத்தினுள் பேய் உறைகிறது என்றோ, அதனைச் சுற்றினால் நினைத்தது கைகூடும் என்றோ எவரும் சொல்லவில்லை. உடன்பிறந்தாள் ஒருத்தி அங்கே நிற்கிறாள், அவள் முன் நடந்துகொள்ளும் முறை ஒன்று உண்டு, அவ்வளவே. துணை என்னும் சொல்லுக்கு இதனினும் தூய பொருள் வேறில்லை எனலாம்.

இதனை ஒத்த வேறு சான்றுகளும் உள. மோசிசாத்தனார் புறநானூற்றில் நொச்சி மரத்தை முன்னிலைப்படுத்தி, மகளிர் அணியும் தழையாகவும் மதில் காக்கும் வீரர் சூடும் மாலையாகவும் விளங்கும் அதன் பெருமையை அதனிடமே எடுத்துரைக்கிறார். புல்லிய எருக்கம்பூவாயினும் அன்போடு தந்தால் தெய்வம் மறுக்காது என்பது கபிலர் கருத்து. பத்திக் காலத்தில் இவ்வுறவு கோயிலுக்குள் புகுந்து தலமரமாக நிலைபெற்றது. மதுரைக்குக் கடம்பு, காஞ்சி ஏகம்பத்திற்கு மா, ஆனைக்காவுக்கு நாவல், தில்லைக்குத் தில்லை மரம் என ஊரும் மரமும் ஒன்றாயின. குற்றாலத்தில் ஞானசம்பந்தர் குறும்பலாவுக்கெனத் தனியே ஒரு பதிகமும் பாடினார்.

மூலிகையிடம் விடைபெறுதல்

நாட்டு மருத்துவரும் மாந்திரீகரும் செடியை அணுகிய முறை ஈண்டுக் கருதத்தக்கது. மூலிகையைக் கண்டவுடன் பறித்துவிடுவது அவர்தம் வழக்கமன்று. உரிய நாளில் நீராடிச் சென்று, செடியைச் சுற்றித் துப்புரவு செய்து, மஞ்சள் நூலால் காப்புக் கட்டி, பொங்கலோ பழமோ படைத்து, சாபநிவர்த்தி என்னும் மந்திரத்தைச் சொல்லி, இன்ன நோய்க்காக உன்னைப் பெறுகின்றேன் என்று தெரிவித்த பின்னரே வேரையோ இலையையோ எடுப்பர். கேளாமல் எடுத்த மூலிகை வேலை செய்யாது என்பது அவர்கள் கொள்கை.

இதனை மூடநம்பிக்கை என ஒரு சொல்லால் ஒதுக்குவது எளிது. இம்முறையால் விளைந்த பயன்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாளும் நேரமும் குறித்ததனால் பறிப்பது அருகியது. ஒரு செடிக்கு ஒருமுறை பூசை என்றதனால் கைக்கு எட்டியதையெல்லாம் வாரிக்கொள்ளும் பழக்கம் தடைப்பட்டது. இன்ன நோய்க்கு என்று வாய்விட்டுக் கூற வேண்டியிருந்ததனால் பறிப்பவன் தன் நோக்கத்தைத் தானே கேட்க நேர்ந்தது. இல்லங்களிலும் இதன் எளிய வடிவம் இருந்தது. விளக்கு வைத்தபின் துளசியைத் தொடலாகாது என்று நம் பாட்டியர் தடுத்தனர். செடி உறங்குகிறது என்றனர். கொங்கு நாட்டார் தைப் பிறப்பின் முன்னாளில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கூரையில் காப்புக் கட்டினர். அம்மை கண்ட வீட்டு வாயிலில் செருகிய வேப்பங்கொத்து, அயலார் உள்ளே வரலாகாது என்னும் எச்சரிக்கையாகவும் பயன்பட்டது. பெரியம்மை உலகினின்றும் ஒழிந்துவிட்டதாக 1980இல் உலக நலவாழ்வு அமைப்பு அறிவித்தது. நோயை ஒழித்தது தடுப்பூசியே, அதில் ஐயமில்லை. தடுப்பூசி வருமுன் நோயாளியைத் தனிப்படுத்தியும் அவன் உடற்கொப்புளங்களைத் தழையால் தடவியும் துணைநின்றது வேம்பு.

கேட்டுப் பெறுதல் என்பதற்கு நேர்மாறானது உரிமை கொண்டாடுதல். காயங்களை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் வழக்காடியதன் பயனாக 1997இல் அது நீக்கப்பட்டது. வேம்பிலிருந்து எடுக்கும் பூசணக் கொல்லி ஒன்றுக்கு ஐரோப்பிய அலுவலகம் வழங்கிய காப்புரிமை 2000இல் நீக்கப்பட்டு, 2005இல் மேல்முறையீடும் தள்ளப்பட்டது. நம் பாட்டியர் வேம்பை உரிமைப்பொருள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. உறவு என்று நினைத்ததனாலேயே அதனை அயல்வீட்டாருக்கும் மறுக்கவில்லை.

வேலனும் தோழியும்

இம்மரபின் மறுபக்கத்தை மறைத்தல் நேர்மையாகாது. வசியம், உச்சாடனம், மாரணம் முதலான எட்டுத் தொழில்களுக்கும் தனித்தனியே மூலிகை கூறும் ஏடுகள் தமிழில் உள்ளன. ஒருவனை மயக்கவும் ஊரைவிட்டு ஓட்டவும் உயிரைப் போக்கவும் செடியை ஏவல்கொள்ளலாம் என்பது அவற்றின் துணிபு. துணையாக இருந்த செடி இங்கே அடிமையாகிறது. பிறர் மீதுள்ள பகையும் அச்சமும் பொருளீட்டுவார்க்கு முதலாகின்றன. ஊமத்தை சிவபெருமானுக்கு உரியது என்பதனால் அதன் நஞ்சு குறைந்துவிடவில்லை. மந்திர மூலிகை என்று கேட்டு அதனை உட்கொள்ளும் இளைஞர் உயிருக்கு ஊறு தேடிக்கொள்பவராவர்.

சங்கச் சான்றோர் இதனையும் அறிந்திருந்தனர். தலைவி காதலால் மெலிகிறாள். காரணமறியாத தாய், முருகன் அணங்கினான் என்று கருதி வேலனை அழைக்கிறாள். அவன் கழற்சிக்காய்களை உருட்டிக் குறி பார்த்து, களம் இழைத்து, மலர் தூவி வெறியாடுகிறான். தோழி அதனைத் தடுக்கிறாள். இந்நோய் உன்னால் வந்ததன்று என்பதை அறிந்தும் வேலன் அழைத்தவுடன் வந்துவிட்டாயே, நீ கடவுளே ஆயினும் அறியாமை உடையாய் என்று முருகனையே நோக்கிக் கூறும் தோழியை நற்றிணையின் 34ஆம் பாட்டில் காண்கிறோம். இத்துறைக்கு வெறிவிலக்கு என்று பெயரிட்டு நம் முன்னோர் இலக்கணத்தில் இடமும் தந்தனர். புன்னையைத் தங்கை என்று நாணியவளும் வேலனின் ஆட்டத்தை மறுத்தவளும் ஒரே மரபில் பிறந்த தோழியரே. செடியோடு உறவு கொள்வதற்கும், செடியின் பெயரால் ஏமாற்றுவதற்கும் இடையே இருந்த வேறுபாடு அவர்களுக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது.

இவ்வேறுபாடு தெரியாத இடங்களில் நேரும் துன்பம் சிறிதன்று. வட இந்தியாவில் மூலிகை அறிந்த முதிய பெண்டிரையும் துணையற்ற கைம்பெண்டிரையும் சூனியக்காரி என்று பட்டஞ்சூட்டித் துன்புறுத்திய கொடுமையைத் தடுக்க, பீகார் மாநிலம் 1999இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. நோயை விலக்க இலை தேடிய கைகளே பழிக்கு இலக்காயின.

தீவில் நிற்கும் சுற்றம்

இனி நாம் வாழும் இடத்திற்கு வருவோம். போர்ட் பிளேயர் என்று முன்னர் வழங்கி, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர்மாற்றம் பெற்ற நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது வண்டூர். 1921இல் மலபாரில் மூண்ட கிளர்ச்சிக்குப்பின் இங்கு நாடுகடத்தப்பட்ட மாப்பிள்ளைமார், திரூர், மன்னார்க்காடு, வண்டூர் என்று தம் ஊர்ப்பெயர்களையே இம்மண்ணில் ஊன்றினர். கன்று கொண்டுவர இயலாதவர் பெயரையாவது கொண்டுவந்தனர் எனலாம். சோட்டா நாகபுரியிலிருந்து 1918 முதல் காட்டுவேலைக்கு அழைத்துவரப்பட்ட மக்கள், தம் கரம் திருநாளை மறவாது, கடம்பின் உறவான கரம் மரத்துக் கிளையை நட்டு ஆடிப்பாடும் வழக்கத்தை உடன்கொணர்ந்தனர். பர்மாவிலிருந்தும், 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பிய தமிழருள் ஒரு பகுதியினர்க்கும் இத்தீவுகள் புகலிடமாயின. அரசுப்பணியின் பொருட்டும் வணிகத்தின் பொருட்டும் வந்தவர் பலர். இவ்வாறு வந்த நம்மவர் பெட்டியினுள் வேப்பங்கன்றும் முருங்கைக் கொம்பும் கறிவேப்பிலை நாற்றும் இருந்தன.

ஆனால் வேம்பு வறண்ட நிலத்துப் பிள்ளை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பொழியும் இத்தீவில், நீர் தேங்கும் மண்ணில் அது எளிதில் தழைப்பதில்லை. வேம்பு வரவில்லையே, கோயிலுக்கு என்ன செய்வது, அம்மனுக்கு எதனைச் சூட்டுவது என்று நம் பெண்டிர் வருந்தக் கேட்டிருக்கிறோம். அவர்க்கு நாம் கூற விரும்புவது ஒன்றுண்டு. நாம் வருவதற்கு முன்னரே நம் சுற்றத்தார் இங்கே வந்து நின்றுகொண்டிருக்கின்றனர்.

நற்றிணை தங்கை என்றழைத்த புன்னை, அந்தமான் கடற்கரைகளில் எவரும் நடாமலே வளர்கிறது. அதன் காய் கடல்நீரில் மிதந்து சென்று கரைசேர்ந்து முளைக்க வல்லது. வேலன் குறிபார்த்த கழற்சியும் அத்தகையதே. அதன் வன்மையான விதைகளைக் கடலலைகளே கரைதோறும் கொண்டு சேர்க்கின்றன. தில்லைக்குப் பெயர் தந்த தில்லை மரம், பிச்சாவரத்தில் நிற்பதுபோலவே இத்தீவுகளின் அலையாத்திக் காடுகளிலும் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு விளையும். ஆதலின் வணக்கத்தோடு விலகி நிற்க வேண்டிய உறவினர் அவர். இத்தீவின் புகழ்பெற்ற படாக்கு மரம் நம் வேங்கையின் இனத்தைச் சேர்ந்தது. வள்ளியை நாடி வந்த முருகன், அவள் தந்தை வரக் கண்டு வேங்கை மரமாகி நின்றான் என்னும் கந்தபுராணக் கதையை அறியாத தமிழர் இலர். வெற்றிமலை முருகனை வழிபடச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு, வழியில் நிற்கும் படாக்கு மரத்தைச் சுட்டி, இது முருகன் மேற்கொண்ட வடிவின் உறவு என்று சொன்னவர் எத்தனை பேர்? அலுவலகக் கோப்புகளில் அது கனமீட்டர்க் கணக்கில் மட்டுமே வரும். 1883இல் தொடங்கிய சாத்தம் மர ஆலை அதனைப் பலகையாக அறிந்தது. அதனை மரமாக அறிந்துகொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

மரபும் இதற்கு இடம் தருகிறது. திருமணப் பந்தலில் நடும் அரசாணிக்கால் அரசங்கிளையாக அமைதலே முறை. அரசு கிடையாத இடத்தில் கல்யாண முருங்கையையோ ஒதியனையோ நட்டு மணம் முடித்தனர் நம் முன்னோர். மரம் மாறியதனால் மணம் தாழ்ந்துவிடவில்லை.

முதுகுடியினரின் உறவு

இம்மரங்களோடு நமக்கு முன்னரே உறவு கொண்டிருந்தவர் இத்தீவுகளின் முதுகுடியினர். 1906 முதல் 1908 வரை இங்கு ஆய்வு செய்து, 1922இல் அந்தமான் தீவினர் பற்றிப் பெருநூல் வெளியிட்டார் ராட்கிளிஃப்-பிரவுன். பேரந்தமானிய இளைஞர், ஆமையிறைச்சியை முதன்முதலாக உண்ணும் சடங்கின்போது நீர்ப்பருத்தி இலைகளின்மேல் அமர்ந்து, அவ்விலைக் கொத்தினைக் கையில் பற்றியிருப்பர் என்று அவர் எழுதுகிறார். பூவரசினைப் போன்ற இலையும் மஞ்சள் மலரும் உடைய கடலோர மரம் அது. உணவால் நேரக்கூடிய தீங்கினின்றும் காக்கும் துணையாக அவ்விலை கருதப்பட்டது. கனவின் வழியே ஆவிகளோடு பழகி, மூலிகை வல்லமை பெற்றவரை அவர்கள் ஓகோ-ஜுமு என்றனர். சிலவகை வள்ளிக்கிழங்குகள் பிலிகு என்னும் தெய்வத்திற்கு உரியவை என்றும், தகாத பருவத்தில் அவற்றைத் தோண்டினால் புயல் வரும் என்றும் அஞ்சினர். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கண்டெடுத்த குழந்தையே வள்ளி என்னும் நம் கதையை நினைந்தால், கிழங்கினைத் தெய்வத்தின் உடைமையாகக் கண்ட இவ்விரு மக்களும் அயலாராகத் தோன்றுவதில்லை.

சிற்றந்தமானில் வாழும் ஓங்கி மக்கள், ஒருவகைச் செடியின் இலையை மென்று, அச்சாற்றை உடலிற் பூசியும் தேனீக்களின்மேல் உமிழ்ந்தும், மலைத்தேனீக்களை விலக்கித் தேன் எடுக்கின்றனர். தேனீ மாள்வதில்லை; அகன்று செல்கிறது. நிகோபாரில் தாழையினத்துப் பழம் ஒரு மக்களின் முதன்மை உணவாக விளங்கி வந்திருக்கிறது. நம் புராணத்திலோ தாழம்பூ பொய்ச்சான்று கூறிச் சிவபூசையினின்றும் விலக்கப்பட்டது. நம் கதையில் பழிசுமந்த குலம், அவர்க்கு அன்னம் அளிக்கும் அன்னையாயிற்று. ஒரு செடியின் இயல்பை ஒரு மக்கள் மட்டுமே முழுதும் அறிந்துவிட முடியாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவர்களுடைய அறிவை நாடிக் காட்டுக்குள் செல்வது நமக்கு முறையன்று. 1956ஆம் ஆண்டின் முதுகுடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் அவர்தம் நிலத்தில் அயலார் நுழைவதைத் தடுக்கிறது. அத்தடை நன்றே. நெடுஞ்சேரலாதன் செய்ததுபோல் தீவினர் கடம்பை வெட்டி முரசு செய்துகொள்ள நாம் வரவில்லை. அவர்கள் போற்றும் மரங்கள் நிற்கட்டும் என்று விலகியிருப்பதும் ஒரு மரியாதையே.

ஆழிப்பேரலைக்குப் பின்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையும் நிலநடுக்கமும் இக்கரையின் உருவத்தையே மாற்றின. தென் அந்தமானின் நிலம் ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. வயல்களுள் கடல் புகுந்து தங்கிற்று. வண்டூர்க் கரையில் பெருமரங்கள் சாய்ந்து, உவர்நீரில் வேர்கள் வெளுத்துக் கிடந்தன. 1983இல் நிறுவப்பெற்று, 15 தீவுகளையும் 281.5 சதுர கிலோமீட்டர்ப் பரப்பையும் உள்ளடக்கிய மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்கு இவ்வூர்த் துறையிலிருந்தே படகு ஏறுவர். படகு செல்லும் வழியில் அலையாத்திக் காடுகள் வேரூன்றி நின்று மண்ணை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அவற்றைக் கண்டு, காவல் மரம் என்னும் பழஞ்சொல்லின் பொருளை நாம் புதிதாக உணர்ந்தோம். அரசனுடைய வெற்றியைக் காக்கும் மரம் ஒன்றிருந்தது. அதனைப் பகைவர் வெட்டினர். கரையையும் குடியையும் காக்கும் மரம் இது. இதனை வெட்டுவோர் தமக்கே பகைவராவர். 2002இல் உச்ச நீதிமன்றம் இத்தீவுகளில் மரம் வெட்டுவதைப் பெரிதும் கட்டுப்படுத்தி ஆணை பிறப்பித்தது. வழிபாடு செய்துவந்த வேலையை இன்று சட்டம் செய்ய வேண்டியிருக்கிறது. சட்டம் வாளைத் தடுக்கும். உறவை உண்டாக்க அதனால் இயலாது.

நாம் செய்யத்தக்கது

வண்டூரிலும் பிற குடியிருப்புகளிலும் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் இந்தியில் பேசுகின்றனர், ஆங்கிலத்தில் படிக்கின்றனர், தமிழை வீட்டில் கேட்கின்றனர். அவர்களுக்கு மாந்திரீகம் வேண்டியதில்லை. காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குச் செல்லும் அறிவே அவர்க்கு வேண்டும். அதனோடு, தம்மைச் சூழ நிற்கும் மரங்களுள் பத்தினையேனும் தமிழ்ப்பெயரால் அழைக்கவும், அவற்றின் கதையை அறியவும், இலை ஒன்றைக் கிள்ளுமுன் ஒரு கணம் நின்று எதற்காக என்று எண்ணவும் பழகினால், மூவாயிரம் பாட்டில் கிடைக்காத பயிற்சி அவர்க்குக் கிடைத்துவிடும். சங்கத்தின் ஆண்டுவிழாவன்று, பேச்சுப்போட்டியும் கோலப்போட்டியும் நடத்துவதோடு, சிறுவரை ஒருநாள் கடற்கரைக்கு அழைத்துச் சென்று புன்னையையும் நீர்ப்பருத்தியையும் காட்டலாம். வேம்பு தழைக்கும் மேட்டுநிலத்தில் வேம்பை நடலாம்; தழைக்காத இடத்தில் புன்னையை நடலாம். அம்மன் இரண்டின் நிழலையும் ஏற்பாள்.

நற்றிணைச் சிறுமியர் விதையைப் புதைத்தது விளையாட்டாக. அதனை மறந்ததும் உண்மை. அது தங்கையானது தானாக நிகழ்ந்த செயலன்று. முளையைக் கண்டபோது பால் ஊற்றிய கைகள் இருந்தன; இவள் உங்கள் தங்கை என்று எடுத்துச் சொல்ல ஒரு தாய் இருந்தாள். புன்னை இக்கரையில் முளைத்து நிற்கிறது. எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.